லியர் மன்னன் நாடகத்தின் முடிவு

வரும் ஆண்டு விழாவில் ஷேக்ஸ்பியர் மகாகவியின் லியர் மன்னன் கதையைத் தமிழில் நடித்துக் காட்ட வேண்டுமென்று நமது சங்கத்து இளைஞர் சிலர் முயன்று வருவதை அன்பர்கள் அறிவார்கள். ஒத்திகை காண வந்த பெரியோர் இருவர் அவர்களுடைய முயற்சியை மெச்சிவிட்டு, “பெண்டு பிள்ளைகளோடு விழாவுக்கு வருகிறவர்கள் அழுதுகொண்டு வீடு திரும்பலாகாது, இளைய மகளைப் பிழைக்க வைத்துவிடுங்கள்” என்று கூறிச் சென்றனர். இளைஞர்கள் இதற்கு இசையவில்லை. இரு சாராரும் நம்மிடமே வந்து முறையிட்டனர். பெரியோர் கேட்ட மாறுதல் புதியதன்று; இங்கிலாந்து தேசத்திலேயே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நாடகம் அவ்வாறே நடிக்கப்பட்டு வந்தது. அச்சரித்திரத்தை ஈண்டு எடுத்துரைப்பது இவ்வழக்குக்குப் பயன்படுமென நம்புகிறோம்.

கதையை அறியாதாருக்குச் சுருங்கச் சொல்வோம். முதுமையுற்ற லியர் தன் நாட்டை மூன்று பெண்மக்களுக்குப் பங்கிட எண்ணி, தன்மீது யாருக்கு அன்பு மிகுதி என்று வினவுகிறான். மூத்தவர் இருவரும் இச்சகம் பேசிப் பங்கு பெறுகின்றனர். இளையவளாகிய கார்டீலியா உள்ளதை உள்ளவாறே உரைத்து, தந்தையின் சினத்துக்கு ஆளாகி, சீதனமின்றிப் பிரான்சு மன்னனுக்கு மனைவியாகச் செல்கிறாள். பிறகு மூத்த பெண்கள் தந்தையைப் புறக்கணிக்க, அவன் புயலிலும் மழையிலும் பித்தனாய் அலைகிறான். அவனுடைய விதூஷகன் அவனை விட்டு நீங்காது உடன் செல்கிறான். தந்தையை மீட்கப் படையுடன் வந்த கார்டீலியா போரில் தோற்றுச் சிறைப்பட்டுத் தூக்கிலிடப்படுகிறாள். அவளுடைய உடலைக் கைகளில் ஏந்தி வந்து லியரும் உயிர் விடுகிறான். 1606-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி ஜேம்ஸ் மன்னரின் அரண்மனையில் இந்நாடகம் நடிக்கப்பட்டது.

இதில் பலரும் அறியாத விஷயம் ஒன்றுண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மான்மத் ஊர் ஜெப்ரி என்பார் எழுதிவைத்த பழங்கதையில் லியர் தன் நாட்டை மீளப் பெறுகிறான். ஷேக்ஸ்பியருக்கு முன் மற்றொருவர் எழுதி, 1605-ல் அச்சான நாடகத்திலும் முடிவு மங்களமே. ஆகவே கார்டீலியாவைத் தந்தையின் கைகளில் பிணமாகக் கிடத்தியது ஷேக்ஸ்பியர் தாமே வேண்டுமென்று செய்த காரியம்.

1642-ல் இங்கிலாந்தில் நாடக சாலைகள் மூடப்பட்டன. 1660-ல் திரும்பத் திறக்கப்பட்டபோது காலமும் சுவையும் மாறியிருந்தன. திரைச்சீலைக் காட்சிகள் வந்தன. பெண் வேடங்களைப் பெண்களே தரித்தனர். முந்திய தலைமுறையின் பாஷை கரடுமுரடாகத் தோன்றியது. இந்நிலையில் 1681-ல் நாஹம் டேட் என்னும் கவிஞர் லியர் நாடகத்தைத் தம் காலத்தார் விரும்பும்படி திருத்தி மேடையேற்றினார். விதூஷகனை அடியோடு நீக்கினார். பிரான்சு மன்னனையும் நீக்கினார். கார்டீலியாவுக்கும் எட்கர் என்னும் பிரபு குமாரனுக்கும் காதலை உண்டாக்கினார். இறுதியில் லியர் பிழைத்து, நாட்டைப் பெற்று, அவ்விருவருக்கும் மணம் முடித்து அரசையும் அளித்துவிடுகிறான்.

டேட்டை எள்ளி நகையாடுதல் எளிது. நாம் அதற்கு உடன்படோம். தந்தை கேட்ட ஒரு சொல்லைக் கார்டீலியா ஏன் சொல்ல மறுத்தாள் என்பது சபையோருக்கு விளங்கவில்லை. அவள் எட்கரை விரும்பியதால், தந்தை பார்த்த மணத்தைத் தவிர்க்கவே அவ்வாறு செய்தாள் என்று அவர் காரணம் காட்டினார். கண்டோருக்கு விளங்கவேண்டும் என்பதே அவருடைய கவலை. மேலும், நாடகம் மறக்கப்படாமல் மேடையில் நிலைத்திருந்ததில் அவருக்கும் பங்குண்டு.

அறிஞர் இரு கட்சியாயினர். அடிஸன் 1711-லேயே, இம்மாறுதலால் நாடகம் தன் அழகில் பாதியை இழந்ததென்று எழுதினார். 1765-ல் ஷேக்ஸ்பியரின் நூல்களைப் பதிப்பித்த ஜான்ஸன் பண்டிதரோ டேட்டின் பக்கம் சாய்ந்தார். இளமையில் கார்டீலியாவின் மரணத்தைப் படித்து மனம் கலங்கியவர், பதிப்பாசிரியரான பின்பு கடமைக்காகப் படிக்கும் வரையில் அம்முடிவை மறுபடி தொடவேயில்லையாம். நமது பெரியோர் இருவரும் ஜான்ஸன் பண்டிதரின் கட்சியினர் என்பதில் நமக்கு ஐயமில்லை. அது இழிவான கட்சியன்று.

பெரு நடிகர் காரிக் 1742 முதல் லியர் வேடம் தரித்து மக்களை அழவைத்தார்; 1756-ல் ஷேக்ஸ்பியரின் அடிகள் பலவற்றைத் திரும்பச் சேர்த்தார். எனினும் முடிவைத் தொட அஞ்சினார். விதூஷகனையும் அழைத்து வரவில்லை. அதன்பின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சித்தப் பிரமை மிகுந்தமையால், பித்தம் பிடித்த அரசனை மேடையில் காட்டுவது தகாதென்று, 1820-ல் அவர் இறக்கும்வரை லண்டனில் பல ஆண்டுகள் நாடகமே நடைபெறவில்லை.

1807-ல் சார்லஸ் லாம்பும் அவர் தமக்கை மேரியும் சிறுவருக்காக ஷேக்ஸ்பியர் கதைகளை எளிய உரைநடையில் எழுதினர். அந்நூலில் கார்டீலியா சிறையில் இறக்கிறாள், லியரும் இறக்கிறான். முதியோர் கூடும் மேடையில் காட்டத் துணியாத முடிவைச் சிறுவர்கள் வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருந்தனர்! சொல்லை எளிதாக்கினார்கள், நீளத்தைக் குறைத்தார்கள், துயரத்தைக் குறைக்கவில்லை. எளிமை வேறு, இனிப்பு வேறு என்று அவ்விருவரும் அறிந்திருந்தனர்.

1823-ல் எட்மண்ட் கீன் என்னும் நடிகர் துயர முடிவை மேடைக்குக் கொணர்ந்தார்; சில நாட்களே நடித்துவிட்டு மீண்டும் பழைய மங்கள முடிவுக்கே சென்றார். 1838-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கோவென்ட் கார்டன் நாடக சாலையில் மாக்ரெடி என்பவர்தான் முடிவையும் விதூஷகனையும் ஒருங்கே மீட்டார். அவருக்கும் இறுதிவரை தயக்கமிருந்தது. சோகத்தின் நடுவே ஒரு கோமாளி நின்றால் சபை கெட்டுவிடுமென அஞ்சி, அப்பாத்திரத்தை விட்டுவிடவும் எண்ணினார். மெலிந்து வாடிய அழகிய சிறுவன் ஒருவனாகத் தம் மனத்தில் விதூஷகனைக் கண்டிருப்பதை நண்பரிடம் விவரிக்கையில், “அப்படியாயின் பெண் ஒருத்தியே நடிக்கலாமே” என்றார் நண்பர். உடனே பிரிஸில்லா ஹார்ட்டன் என்னும் இளம் பாடகி நினைவுக்கு வந்தாள். அவளே அவ்வேடம் தரித்தாள், நாடகம் வென்றது. 157 ஆண்டுகள் வெளியே நின்ற விதூஷகன் இவ்வாறு உள்ளே வந்தான்.

அரசனருகே கோமாளி நிற்பதில் ஆங்கிலேயருக்கு இத்தனை அச்சம் ஏனோ! தெருக்கூத்தில் கட்டியங்காரன் மன்னனையே கேலி செய்து சிரிக்க வைத்த மறுகணம், அதே சபை திரௌபதிக்காகக் கண்ணீர் விடுவதை நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கின்றனர்.

நமது காலத்துக்கு நெருங்கிய இரு சான்றுகளையும் கூறவேண்டும். 1949-ல் தெலுங்கில் வெளிவந்த குணசுந்தரி கதா என்னும் திரைப்படம் லியர் கதையைத் தழுவியது. 1955-ல் அது தமிழிலும் வந்தது. அரசனும் மூன்று மகளிரும் அதில் உண்டு. மாயமும் சாபமும் கலந்து, எல்லாம் மங்களமாகவே முடிகிறது. இனிய படமே; ஆயின் டேட் போன வழி அது. 1985-ல் ஜப்பானியரான குரோஸவா எடுத்த ரான் என்னும் படத்தில் தேசம் வேறு, காலம் வேறு, பாஷை வேறு. பெண்மக்கள் மூவரும் ஆண்மக்கள் மூவராயினர். அத்தனையும் மாற்றியவர் கோமாளியை நீக்கவில்லை. இளைய மகனின் சாவையும், அதைக் கண்டு தந்தை மாள்வதையும் அவ்வாறே வைத்தார். ஷேக்ஸ்பியரின் ஓர் அடிகூட இல்லாத அப்படத்தில் நாம் லியரைக் கண்டோம்.

ஆகவே நமது தீர்ப்பு இளைஞர் பக்கமே. ஆனால் முழுவதும் அன்று. மூன்று மணிக்கு மேற்பட்ட நாடகத்தைக் குழந்தைகளுடன் வருவோர் பொறுத்திரார். இரண்டு மணிக்குள் அடக்க வேண்டும். குளோஸ்டர் பிரபுவின் கிளைக்கதையைப் பெரிதும் சுருக்கலாம். அகராதியைத் தேடவைக்கும் சொற்களை விடலாம். சென்ற ஒத்திகையில் தகரத் தகட்டை உலுக்கி எழுப்பிய இடியோசையில் லியர் பேசிய ஒரு சொல்லும் நம் செவிக்கு எட்டவில்லை. புயலைக் குறைத்து அரசனைப் பேசவிட வேண்டும். பெரியோரிடமும் பேசினோம். ஒருவர், கார்டீலியா சாவதானால் தாம் கடைசிக் காட்சிக்கு முன்பே எழுந்து போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு வாயிலருகில் ஓர் ஆசனம் ஒதுக்கும்படி தெரிவித்திருக்கிறோம்.

விதூஷகன் வேடத்துக்கு மாத்திரம் இன்னும் ஆள் அமையவில்லை. நன்றாகப் பாடக்கூடிய சிறுவனோ சிறுமியோ எவர் வீட்டிலேனும் இருப்பின், ஞாயிறு மாலை ஒத்திகைக்கு அனுப்பி வைக்குமாறு வேண்டுகிறோம்.