அத்தைக்கு நாக்கு நீளம்

ஆடி மாதத்தில் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏதாவதொரு தெருவில் கூழ் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைப்பார்கள். மறுநாள் நொய்யை வேகவிட்டு, அதில் மாவை ஊற்றிக் கிண்டி இறக்கி, ஆறிய பிறகு மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் அரிந்து போடுவார்கள். முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் பக்கத்தில் இருக்கும். எங்கள் தெருவில் அந்தக் கூழைத் தொடாத ஒரே ஆள் என் அத்தை. என் அப்பாவின் அக்கா.

சொம்பை முகத்தருகே கொண்டுபோனால் அவருக்குக் குமட்டும். புளிப்பு அவருக்குப் பிரச்சினையில்லை, புளிய மரத்தடியில் உட்கார்ந்து காயைக் கடிப்பவர்தான். கொழகொழவென்று போகிற ஒன்றுக்குள் நொய் தட்டுவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இதை நான் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு ஆயா சொன்னது வேறு: "அம்மனுக்கு ஊத்துன கூழு இவளுக்கு எறங்கலையாம். நாக்கு நீளம்டி உனக்கு."

அத்தை சாப்பிட்டவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். வடித்து ஆறிய சோறு, அதில் எதுவும் ஊற்றக்கூடாது. சுட்ட அப்பளம், வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை. குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் சில நாள் அப்பளத்தால் தொட்டுக்கொள்வார். மிளகாய் இடிக்கும் சத்தம் கேட்டால் கொல்லைக்குப் போய்விடுவார்.

அவருக்கு 1967இல் கல்யாணம் நடந்தது. ரூபாய்க்குப் படி அரிசி என்ற வாக்குறுதியோடு தேர்தல் நடந்த ஆண்டு என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அந்த வருடம் நினைவிருக்கிறது. அரிசிக்கு அவ்வளவு தட்டுப்பாடு. அந்தக் காலத்தில் சோற்றை வேண்டாமென்று தள்ளுகிற ஒரு பெண்ணைப் பார்த்து ஆயாவுக்கு வந்த கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அது பசியைப் பார்த்தவரின் கோபம். மாமியார் வீட்டில் நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையில் மனைவி சாப்பிட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். ரசம் ஓடி, மோர் கலந்து, பிசைந்த பருக்கைகள் ஒட்டியிருக்கும் இலை. அத்தை அதில் உட்காரவில்லை. கட்டாயப்படுத்தியபோது வாந்தி எடுத்தார். புருஷனின் எச்சிலைக் கண்டு குமட்டுகிறவள் என்று ஆறு மாதத்தில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். அதன்பின் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே அவர் வாழ்நாள் கழிந்தது.

அத்தைக்கு ஆட்டிசம் இருந்தது என்று நான் எழுத மாட்டேன். இறந்துபோனவருக்கு நோய்ப்பெயர் சூட்டும் உரிமை எனக்கில்லை. ஆனால் என் மகளுக்கு ஆறு வயதில் அந்தப் பெயரை மருத்துவர் எழுதிக் கொடுத்த அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த இலைதான்.

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்கத்தான் வருவார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, கி.பி. 921. முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள், கால்வேலி நிலம் என்று தகுதிகள் நீளும். தகுதியிழப்புகளின் பட்டியலில், விலக்கப்பட்டதைத் தின்று பிராயச்சித்தம் செய்துகொண்டவனும் வருகிறான். பெண்ணின் பெயர் அந்தக் குடத்தில் விழ வழியே இல்லை என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. தின்னக்கூடாததைத் தின்றவனுக்குச் சுவரில் இடம் இருக்கிறது. தின்ன முடியாதவளைப் பற்றி எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இத்தனைக்கும் தமிழில் இதைச் சொல்லச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கொழகொழ, வழவழ, பிசுபிசு, சொதசொத, சவசவ, நறநற, மொறுமொறு. வாய்க்குள் நடப்பதை இவ்வளவு நுட்பமாகப் பிரித்துவைத்திருக்கிறோம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் வகைப்படுத்தும்போது தொடுதலைத்தான் முதல் அறிவாக வைக்கிறது. நாக்கு இரண்டாவதாக வருகிறது, பிறகுதான் மூக்கும் கண்ணும் செவியும். உணவு வாய்க்குள் போகும்போது அந்த முதல் அறிவும் இரண்டாம் அறிவும் ஒரே இடத்தில் வேலை செய்கின்றன. நமக்குச் சுவை முந்துகிறது, தொடுகை பின்னால் நின்றுவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு அப்படிப் பின்னால் நிற்பதில்லை. தயிர்ச்சாதத்தில் ஒரு கடுகு பல்லில் பட்டால் அந்தக் கடுகு மட்டுமே மிச்சமிருக்கும். ஒரு வாழைப்பழம் கெட்டியாக இருக்கும், அடுத்தது குழைந்திருக்கும். பிஸ்கட்டோ ஒவ்வொரு முறையும் ஒரே சத்தத்தோடு உடையும். என் மகள் எட்டு வயதுவரை ஒரே வகை பிஸ்கட்டில் வாழ்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நான் தேடினேன். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள், தேடாமல் இருப்பேனா. அந்த ஆண்டுகளில் கல்லூரியில் புறநானூற்றின் 188ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. நெய்ச்சோற்றைத் தொட்டு, கவ்வி, துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளைகள் இல்லாதவர்க்கு வாழ்நாளில் பயனே இல்லை என்பது அதன் பொருள். திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரமும் பிள்ளையின் கை அளைந்த கூழைத்தான் கொண்டாடுகிறது. வகுப்பில் இதை விளக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், நெய் ஒரு பொட்டு உள்ளங்கையில் பட்டதற்கு என் மகள் அலறிக்கொண்டிருப்பாள்.

நம் ஊரில் அன்பு என்பதே பிசைந்த சோறு. நிலாவைக் காட்டி ஊட்டுவதும், உருட்டி உள்ளங்கையில் வைப்பதும், தாயின் விரல் பட்டால் ருசி கூடும் என்பதும் அதிலிருந்து வருகிறவைதான். அதை வேண்டாமென்று தள்ளுகிற பிள்ளை தாயையே தள்ளுவதாக ஆகிவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா அப்படித்தான் சொன்னார். நாங்கள் முதலில் பார்த்த ஒரு மருத்துவரும் சொன்னார்: "வேலைக்குப் போற அம்மா இல்லையா, குழந்தை கையால சாப்பிட்டு வளரலை." அன்றிரவு நான் அவளுடைய மூக்கைப் பிடித்து, வாய் திறந்தபோது பருப்புச்சோற்றைத் திணித்தேன். அவள் துப்பவில்லை. விழுங்கவுமில்லை. ஒரு மணி நேரம் கன்னத்துக்குள் அதை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மருத்துவரின் வாக்கியத்துக்கு ஒரு வரலாறு இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இந்தக் குழந்தைகளை முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் பெண். கீவ் நகரில் பிறந்து மாஸ்கோவில் பணியாற்றிய குருன்யா சுகாரெவா என்ற மனநல மருத்துவர், 1925இல் ஆறு சிறுவர்களைப் பற்றி ரஷ்ய மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அது ஜெர்மனிலும் வந்தது. சத்தத்தையும் வாசனையையும் அவர்கள் தாங்க முடியாமல் தவித்ததை அவர் குறித்துவைத்தார். 1927இல் சிறுமிகளைப் பற்றியும் எழுதினார். அவருடைய முதல் கட்டுரை ஆங்கிலத்துக்கு வந்தது 1996இல்தான். மொழிபெயர்த்த சூலா உல்ஃபும் ஒரு பெண் மருத்துவர்.

உலகம் தொடக்கமாக வைத்துக்கொண்டது அமெரிக்காவின் லியோ கான்னரை. 1943இல் வந்த அவருடைய கட்டுரையில் 8 சிறுவர்கள், 3 சிறுமிகள். சாப்பாட்டுப் பிரச்சினை அவர்களில் பலருக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கியதை அவர் கவனித்திருந்தார். வெளியுலகம் குழந்தைக்குள் நுழைகிற முதல் வழி உணவுதான் என்ற பொருள்பட எழுதினார். தூசி உறிஞ்சும் கருவி, மின்தூக்கி, முட்டை அடிக்கும் கருவி ஆகியவற்றின் சத்தத்துக்கு அவர்கள் நடுங்கியதையும் சேர்த்தே எழுதினார். நம் வீட்டில் மிக்சியும் குக்கர் விசிலும் என்று மாற்றிப் படித்துக்கொள்ளலாம். மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், பட்டும் வெல்வெட்டும் பஞ்சும் சாக்கட்டியும் சில பிள்ளைகளின் தோலுக்குப் பொறுக்காததையும், கடும் புளிப்பை அவர்கள் விரும்பியதையும் எழுதினார். ஆஸ்பெர்கர் நாஜிகளின் குழந்தைக் கொலைத் திட்டத்தோடு ஒத்துழைத்தவர் என்பதை 2018இல் வந்த ஓர் ஆய்வு ஆவணங்களோடு காட்டியது. அவர் பெயரை மரியாதையோடு எழுத என்னால் முடியவில்லை.

ஆக, தோலும் நாக்கும் காதும் முதல் பக்கங்களிலேயே இருந்தன. ஆனால் அடுத்து வந்தவர்களின் கண் போனது தாயின் மீது. 1949இல் கான்னரே இந்தப் பெற்றோர்களைப் பனி உருகாத குளிர்பெட்டியோடு ஒப்பிட்டு எழுதினார். புரூனோ பெட்டல்ஹைம் அதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார். குழந்தை உள்ளே சுருங்கிக்கொள்வது தாயின் வெறுப்பினால் என்று சொல்லும் அவருடைய 'வெற்றுக் கோட்டை' வந்த ஆண்டு 1967. அதே 1967இல் கிளாரா கிளேபோர்ன் பார்க் என்ற அமெரிக்க ஆசிரியை தன் மகளோடு வாழ்ந்த எட்டு ஆண்டுகளை 'முற்றுகை' என்ற புத்தகமாக எழுதினார். ஒருவர் கோட்டை காலி என்றார். இன்னொருவர், உள்ளே ஆள் இருக்கிறது, நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன் என்றார். அதே ஆண்டில் எங்கள் ஊரில் ஓர் எச்சில் இலைக்கு முன்னால் அத்தை உட்கார மறுத்தார்.

1969இல் பெற்றோர் சங்கம் ஒன்றின் கூட்டத்தில், உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்ற பொருளில் கான்னர் பேசினார். யார் சுமத்திய குற்றத்திலிருந்து என்று அந்த அரங்கில் யாராவது கேட்டார்களா தெரியவில்லை. 1977இல் இரட்டையரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு மரபணுவின் பங்கைக் காட்டிய பிறகு தாய்க்கோட்பாட்டுக்கு அறிவியலில் இடமில்லாமல் போனது. 1986இல் ஆட்டிசம் உள்ள டெம்பிள் கிராண்டின் தன் கதையைத் தானே எழுதினார். உள்பாவாடையின் சொரசொரப்பு உடம்பை உறுத்தும் அனுபவத்தை, அதற்கு உள்ளே இருந்தவரே சொன்னார். அமெரிக்க மனநல சங்கத்தின் கையேடு புலன் வேறுபாட்டை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது 2013இல். கான்னர் அதை எழுதி எழுபது வருடம் கழித்து.

நம் பக்கம் வருகிறேன். 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் இடம்பெற்றது. சரி. தமிழில் அரசு அதற்கு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: புற உலக சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர். தமிழ் படித்தவளாக இந்தப் பெயரோடு எனக்குச் சண்டை உண்டு. சுயம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1911 வாக்கில் ஆய்கன் பிளாய்லர் ஆட்டிசம் என்ற சொல்லை உருவாக்கினார். அந்தப் பிழையையே நாம் இன்னும் நீட்டி மொழிபெயர்த்திருக்கிறோம். புற உலகம் என் மகளுக்கு இல்லாமலா இருக்கிறது? மூன்று வீடு தள்ளி வெங்காயம் வதக்கினால் அவளுக்குத் தெரியும். அவளுக்குப் புற உலகம் அளவுக்கு மீறி இருக்கிறது.

பள்ளிச் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 1989இல் அதில் சேர்ந்த முட்டையும், 2022 செப்டம்பரில் வந்த காலை உணவும் எத்தனை வீடுகளில் அடுப்பெரியாத குறையைத் தீர்த்தன என்பதை இந்த மாவட்டத்தில் வளர்ந்த எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அந்தத் தட்டைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உப்புமா, கிச்சடி, பொங்கல் எல்லாமே குழைவு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்க அரசு விதி வைத்திருக்கிறது. வீட்டு வழக்கத்தினால் முட்டை தொடாத பிள்ளையை அந்த விதிக்குத் தெரியும். வெள்ளைக்கரு பல்லுக்கடியில் வழுக்குவதால் தொட முடியாத பிள்ளையைப் பிடிவாதம் என்போம். சாதிக்கும் சமயத்துக்கும் மாற்று ஏற்பாடு செய்யத் தெரிந்த நமக்கு, உடம்புக்குச் செய்யத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்தால் பிடிவாதத்தோடு இன்னொன்றும் சேர்கிறது: "போற வீட்டுல என்ன பண்ணுவ?" ஆண்பிள்ளைக்கு அம்மா தனியாகத் தோசை வார்த்துவிடுவாள். கான்னரின் பதினொருவரில் மூன்றே சிறுமிகள் என்பதைப் படிக்கும்போதெல்லாம், அடங்கப் பழக்கப்பட்டதால் கண்ணில் படாமல் போன சிறுமிகளையும் நினைத்துக்கொள்கிறேன்.

முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005இலிருந்து இருக்கிறது. அப்போது அது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம், 2019க்குப் பிறகு செங்கல்பட்டு. ஆனால் உத்திரமேரூரிலிருந்து பேருந்து மாறி, கத்துகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். சம்பளம் வாங்கும் எனக்கே விடுப்புக் கணக்குத் தீர்ந்தது. நாற்று நடப் போகிற பெண்ணுக்கு?

என் மகளுக்கு உணவில் உதவியவர் ஒரு தொழில்முறை சிகிச்சையாளர், சின்னப் பெண். சொன்னது கொஞ்சம்தான். எதையும் ஒளித்துவைத்துக் கொடுக்காதீர்கள், தெரிந்துபோனால் இருக்கிற உணவும் போய்விடும். கலக்காதீர்கள். வாயில் போடுவதற்கு முன் பார்க்கவும் முகரவும் விடுங்கள், தொடுவது அவள் இஷ்டம். இப்போது எங்கள் வீட்டில் தடுப்பு வைத்த எவர்சில்வர் தட்டு இருக்கிறது. ஒரு குழியில் ஆறிய சோறு, ஒன்றில் அப்பளம், ஒன்றில் தண்ணீரில்லாமல் வறுத்த உருளைக்கிழங்கு. பருப்பு தனிக் கிண்ணத்தில், ஒரு முழம் தள்ளி. பதினான்கு வயதில் இப்போது பருப்பை அப்பளத்தின் ஓரத்தால் தொடுகிறாள். அதை முதல்முறை பார்த்தபோது நான் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன்.

போன ஆடியில் எங்கள் தெருவில் கூழ் ஊற்றினார்கள். அதற்கு முந்தைய நாள் வீட்டு வீடாகக் கேழ்வரகு சேர்த்தார்கள். அரைக்கக் கொண்டுபோவதற்கு முன் எங்கள் வீட்டுப் பங்கை முறத்தில் கொட்டி வைத்திருந்தேன். மகள் வந்து உட்கார்ந்தாள். முதலில் ஒரு விரல் வைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை தானியத்துக்குள் விட்டு, அள்ளி, விரலிடுக்கில் உதிரவிட்டு, மறுபடி அள்ளிக்கொண்டிருந்தாள். மாவு மிஷின் மூடிவிடுவார்கள் என்று யாரோ வாசலில் குரல் கொடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டேன்.