காரின் வயிற்றுக்குள் ஒரு யுத்தம்: ஃபார்முலா 1 விதிகளும் வித்தைகளும்

ஃபார்முலா 1 கார் என்றதும் நம் கண்ணில் முதலில் படுவது முன்னும் பின்னும் இருக்கும் இறக்கைகள்தான். ஆனால் அதன் உண்மையான சூட்சுமம் டிவியில் தெரியாத இடத்தில் இருக்கிறது: காரின் அடிப்பாகம். விதி எழுதுபவர்களும் பொறியாளர்களும் அரை நூற்றாண்டாக மல்லுக்கட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் கொஞ்சம் அறிவியல். விமானத்தின் இறக்கை விமானத்தை மேலே தூக்குகிறது. அதைத் தலைகீழாக வைத்தால் காரைத் தரையோடு அழுத்தும். டயரின் பிடி கூடும், வளைவில் வேகத்தை அவ்வளவாகக் குறைக்கத் தேவையில்லை. 1968-இல் இது பிடிபட்டதும் எல்லோரும் உயரமான கம்பிகளின் மேல் இறக்கை கட்டினார்கள். 1969 ஸ்பெயின் பந்தயத்தில் லோட்டஸ் அணியின் இரண்டு கார்களிலும் இறக்கை முறிந்து விபத்து. அடுத்து மொனாக்கோவிலேயே தடை வந்தது. இறக்கைக்கு உயரக் கட்டுப்பாடு விதித்தார்கள். காற்றைக் கையாளும் எந்தப் பாகமும் அசையக் கூடாது என்றார்கள். இந்த "அசையக் கூடாது" என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே தடுத்தால் கீழே போவோம் என்று கிளம்பியவர் லோட்டஸின் காலின் சாப்மன். 1977-இல் வந்த லோட்டஸ் 78 காரின் பக்கவாட்டுப் பெட்டிகளின் அடிப்பகுதி தலைகீழ் இறக்கை வடிவில் இருந்தது. காருக்கும் தரைக்கும் இடையில் நுழையும் காற்று குறுகிய வழியில் வேகமெடுக்கும், அழுத்தம் குறையும், கார் கீழே இழுக்கப்படும். இதுதான் கிரவுண்ட் எஃபெக்ட். பக்கத்திலிருந்து காற்று உள்ளே வராமலிருக்க தரையைத் தொடும் 'ஸ்கர்ட்' தடுப்புகள். (ஆமாம், பாவாடையேதான்!) அடுத்து வந்த லோட்டஸ் 79 காரில் மரியோ ஆண்ட்ரெட்டி 1978 சாம்பியன் ஆனார்.

போட்டி அணிகள் சும்மா இருக்குமா? பிரபாம் அணியின் கார்டன் முர்ரே காரின் பின்னால் பெரிய மின்விசிறி போன்ற ஒன்றை மாட்டினார். அது காருக்கு அடியிலிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். விசிறி அசைகிறதே, விதிமீறல் இல்லையா என்று கேட்டால், "அது எஞ்சினைக் குளிர்விக்கத்தான்" என்று பதில்! 1978 ஸ்வீடன் பந்தயத்தில் நிக்கி லாடா அரை நிமிடத்துக்கும் மேல் இடைவெளியில் ஜெயித்தார். அதோடு அந்தக் கார் பந்தயத்துக்கு வரவில்லை. வெற்றி மட்டும் கணக்கில் நின்றது.

வளைவுகளில் வேகம் எல்லை மீறவே, 1981-இல் மேலும் கீழும் நகரும் ஸ்கர்ட்டுகளைத் தடை செய்தார்கள். காருக்கும் தரைக்கும் 6 செ.மீ. இடைவெளி வேண்டும் என்றும் விதித்தார்கள். ஓடும் காரின் இடைவெளியை எப்படி அளப்பது? நிற்கும்போதுதான் அளக்க முடியும். முர்ரேக்கு இது போதாதா! வேகமாகப் போனால் காற்றின் அழுத்தத்தில் தாழ்ந்து, மெதுவாக வரும்போது தானே 6 செ.மீ.க்கு எழும்பும் சஸ்பென்ஷனை வைத்தார். மற்றவர்களும் காப்பியடித்தார்கள். அடிப்பாகம் தரையை விட்டு விலகாமலிருக்க ஸ்பிரிங்குகள் கல் போல் இறுக்கப்பட்டன. மேடு பள்ளமெல்லாம் ஓட்டுநரின் முதுகெலும்புக்கே போனது.

இதுவரை படிக்க வேடிக்கையாக இருக்கும். 1982 அப்படி இல்லை. இந்தக் கார்களைக் குறை சொல்லி வந்த ஜில் வில்னவ், பெல்ஜியத்தின் சோல்டரில் தகுதிச் சுற்றின்போது முன்னால் மெதுவாகப் போன காரில் மோதி இறந்தார். கனடாவில் ரிக்கார்டோ பலெட்டி இறந்தார். புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த டிடியே பிரோனி, ஜெர்மனியில் மழையில் நடந்த விபத்தில் கால்கள் நொறுங்கி, அதன்பின் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டவே இல்லை. எல்லாப் பழியையும் கிரவுண்ட் எஃபெக்ட் மேல் போட முடியாது. ஆனால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது.

1983-க்கான விதி சுருக்கமானது: முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையில் அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும். அறிவிப்பு வந்தது 1982 நவம்பரில். முர்ரே ஏற்கெனவே வரைந்திருந்த காரைத் தூக்கிப் போட்டுவிட்டு, அம்பு போன்ற புதிய வடிவத்தை அவசரமாக உருவாக்கினார். பக்கப் பெட்டிகளில் இனி பயனில்லை, எனவே அவை சுருங்கின. எடை பின் சக்கரங்களை நோக்கிப் போனது. அந்த பிடி52 காரில் நெல்சன் பிகே சாம்பியன் ஆனார். விதி "சக்கரங்களுக்கு இடையில்" என்றுதானே சொல்கிறது? பின் சக்கரத்துக்குப் பின்னால் அடிப்பாகத்தை மேல்நோக்கி வளைத்தார்கள். அதுதான் டிஃப்யூசர்.

1994-இல் இமோலாவில் ராட்சன்பெர்கரும் செனாவும் அடுத்தடுத்த நாளில் இறந்த பிறகு, அடிப்பாகத்தில் 10 மி.மீ. மரப்பலகை கட்டாயமானது. காரைத் தாழ்த்தினால் பலகை தேயும், குட்டு உடையும். அதே ஆண்டு பெல்ஜியத்தில் ஜெயித்த ஷூமேக்கர், பலகை அதிகம் தேய்ந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.

பிறகு 2022-இல், முன்னால் போகும் காரை நெருங்கித் தொடர வசதியாக, கிரவுண்ட் எஃபெக்டை விதியே திரும்பக் கொண்டு வந்தது. கூடவே கார்கள் நேர்பாதையில் குதிக்கும் பழைய வியாதியும் வந்தது. 2023-இல் அடிப்பாக விளிம்பை 15 மி.மீ. உயர்த்தினார்கள். 2026 விதிகள் மறுபடி தட்டையை நோக்கிப் போகின்றன. முன்னும் பின்னும் இறக்கைகள் ஓடும்போதே அசையலாம் என்றும் அனுமதிக்கின்றன. 1969-இல் "அசையக் கூடாது" என்றார்களே, அதேதான்!

விதி எழுதுபவர்கள் ஓட்டுநரின் உயிரை நினைத்து எழுதுகிறார்கள். பொறியாளர்கள் அதில் எழுதாமல் விட்டதைத் தேடிப் படிக்கிறார்கள். இந்த இருவரும் சேர்ந்துதான் காரை வடிவமைக்கிறார்கள். அடுத்த முறை ஒரு காரின் வடிவம் விசித்திரமாகத் தெரிந்தால், அதற்குப் பின்னால் எந்த விதி இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.