பொதிகையின் பேரைச் சுமக்கும் ஒரு சீனத் தீவு

மலையைச் சுற்றி வருகிற ஊர்க்காரர்கள் நாம். இன்று கடலுக்கு நடுவில் உள்ள ஒரு மலையைப் பற்றிப் பார்ப்போம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

சீனாவின் கிழக்குக் கரையில் நிங்போ துறைமுகத்துக்கு அப்பால் சூஷான் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அதில் சுமார் 12 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள சிறு தீவு பூட்டுவோஷான். சீனப் பௌத்தர்களின் நான்கு புனித மலைகளில் இதுவும் ஒன்று. 'ஷான்' என்றால் மலை. 'பூட்டுவோ' சீனச் சொல்லே அல்ல. 'போதலகம்' என்ற வடமொழிப் பெயரைச் சீன நாக்கு சொன்ன விதம் அது.

அந்தப் போதலகம் எங்கே இருந்தது? 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த யுவான் சுவாங் அதற்கு விடை எழுதியிருக்கிறார். தெற்கே மலகூட நாட்டில் மலைய மலை. அதற்குக் கிழக்கே போதலக மலை. உச்சியில் ஒரு குளம். அங்கே புறப்படும் ஆறு மலையைப் பலமுறை சுற்றித் தென்கடலில் கலக்கிறது. அவர் நேரில் அங்கே போகவில்லை, காஞ்சியில் கேட்டறிந்து எழுதினார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஜப்பானிய ஆய்வாளர் ஷூ ஹிகோசகா உள்ளிட்ட பலர், அது தாமிரபரணி பிறக்கும் நம் பொதிகைதான் என்கிறார்கள்.

அந்த மலையில் வாழ்பவர் அவலோகிதேசுவரர், கருணையே உருவான போதிசத்துவர். அடிவாரத்தில் நின்று வேண்டுவோருக்கு அவர் சில சமயம் ஈசுவரனாக, சில சமயம் திருநீறு பூசிய துறவியாகக் காட்சி தருவார் என்றும் யுவான் சுவாங் எழுதுகிறார். அண்ணாமலையார் ஊரில் இருக்கும் நமக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். 11ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரர், அகத்தியர் தமிழ் கேட்டதே அவலோகிதரிடம்தான் என்றார். ஒரே மலைக்கு இரண்டு சமயங்கள் உரிமை கொண்டாடிய காலம் அது.

சரி, பேர் எப்படிக் கடல் தாண்டியது? 9ஆம் நூற்றாண்டில் எகாகு என்ற ஜப்பானியத் துறவி, ஊட்டாய் மலையிலிருந்து அவலோகிதர் சிலை ஒன்றைத் தன் நாட்டுக்குக் கப்பலில் கொண்டு போனார். இந்தத் தீவருகே கப்பல் நகர மறுத்துவிட்டது. அவலோகிதருக்குப் போக மனமில்லை என்று எண்ணிச் சிலையைக் கரையிலேயே இறக்கிவிட்டார் என்பது தலபுராணம். 'போக மனமில்லாத குவான்யின்' என்றே அந்தக் கோயிலுக்கு இன்றும் பெயர். இங்கே ஆணாக இருந்த அவலோகிதர், சீனாவில் காலப்போக்கில் குவான்யின் என்ற தாயானார். உலகத்தின் குரலைக் கேட்பவர் என்பது அந்தப் பெயரின் பொருள்.

அந்தக் கோயிலை ஒட்டித்தான் 'அலையோசைக் குகை' இருக்கிறது. கடல் குடைந்த பாறைப் பிளவு. அலை உள்ளே புகுந்து மோதும்போது இடி இடிப்பது போலக் கேட்கும். குகை வாயிலில் நின்று மனமுருகி வேண்டினால் குவான்யின் காட்சி தருவாள் என்று நம்பி, நூற்றாண்டுகளாக மக்கள் வந்தார்கள். அதே 9ஆம் நூற்றாண்டில் இந்தியத் துறவி ஒருவர் இங்கே தன் பத்து விரல்களையும் எரித்துத் தரிசனம் பெற்றார் என்று அத்தீவின் பழைய வரலாறுகள் சொல்கின்றன.

விபரீதம் அங்கேதான் தொடங்கியது. பக்தி மிகுந்து விரலை எரித்துக்கொண்டவர்களும், குகைக்கடலில் குதித்து உயிரை விட்டவர்களும் உண்டு. கடைசியில் மிங் அரசர் காலத்தில், 'உயிரை விடாதே, விரலை எரிக்காதே' என்று தடைக்கல் நாட்டினார்கள். அந்தக் கல் இன்றும் குகைக்கு அருகே நிற்கிறது.

எனக்கு அந்தத் தீவில் மிகப் பெரிதாகத் தெரிவது அந்தக் கல்தான். அங்கே 1997இல் எழுப்பிய 33 மீட்டர் உயரக் குவான்யின் சிலைகூட அதற்கு அடுத்ததே. கருணைத் தெய்வத்தின் வாசலில் மனிதன் தன்னை வதைத்துக்கொண்டால், அந்தத் தெய்வத்துக்கு அது எப்படிப் பிரியமாகும்? இதை யாரோ ஒருவர் துணிந்து கேட்டு, கல்லிலும் வெட்டி வைத்தார். பக்தியை யாரும் தடுக்கவில்லை. வதையை மட்டும் தடுத்தார்கள். இன்றும் மூன்றடிக்கு ஒருமுறை விழுந்து வணங்கியபடி அந்த மலையை ஏறுகிறார்கள். நம் அங்கப்பிரதட்சணம் போலத்தான்.

திபெத்தில் லாசா நகரத்து போதலா அரண்மனையும் இதே பெயரைத் தாங்கி நிற்கிறது. பொதிகையில் இன்று அகத்தியரைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. அவலோகிதரைத் தேடிப் போகிறவர் யாரையும் நான் கேள்விப்படவில்லை. பாபநாசத்துக்கோ குற்றாலத்துக்கோ பிள்ளைகளை அழைத்துப் போகும்போது, அருவியைக் காட்டுவதோடு இந்தக் கதையையும் சொல்லுங்கள். நம் மலையின் பேர் சொல்லித்தான் சீனக் கடலில் ஒரு தீவு இன்றும் கும்பிடப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியட்டும்.

வேங்கிக்காலிலிருந்து அன்புடன், உங்கள் பழைய வாத்தியார்.