இசைக்குறியும் எழுத்துருவும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

இசையை ஏட்டில் நிறுத்த முனைந்தோர்க்கு வரிவடிவம் என்றும் சிக்கலாகவே இருந்துள்ளது. சின்னசாமி முதலியார் 1893இல் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறியீட்டில் பதிப்பித்தார். 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கில் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' கமகங்களுக்கும் தனிக்குறிகள் கண்டது.

கணினியிலும் இச்சிக்கல் தொடர்ந்தது. 1985இல் அடோபி நிறுவனத்தின் 'சொனாட்டா' தோன்றியபின் வந்த இசை எழுத்துருக்கள் பலவும் குறிகளைத் தத்தம் போக்கில் வரிசைப்படுத்தின. ஒன்றை நீக்கி மற்றொன்றை இட்டால் குறிகள் பிறழ்ந்தன. ஒருங்குறி பரவும் முன் தமிழ் எழுத்துருக்களின் நிலையும் இதுவே. 2013இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'ஸ்மஃபல்' தரப்பாடு ஒவ்வோர் இசைக்குறிக்கும் நிலையான இடம் வகுத்தது. ஆதலின், அச்சுச்சாயலுடைய 'பிராவுரா'வைக் கையெழுத்துச்சாயலுடைய 'பெட்டலூமா'வாக (2018) மாற்றினும் பொருள் சிதைவதில்லை. பாடல் வரிகளுக்குரிய தமிழ் எழுத்துருவை மட்டும் தனியே தெரிவுசெய்தல் வேண்டும்.

பேரா மாநிலத்திற்கு இது புறம்பான செய்தியன்று. பால்மரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் மக்கள் ஈப்போ முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்தனர். தோட்டப் பாடல்களின் சொற்கள் நூலேறின. மெட்டுகளோ பெரிதும் பாடினோர் நினைவிலேயே தங்கின. அவற்றைப் பதிவுசெய்ய முற்படும் ஆசிரியர்கள் எழுத்தின் அழகுக்கு முன்னர் அதன் குறியேற்றத்தைக் கருதுதல் வேண்டும். வடிவத்தைப் பின்னரும் மாற்றலாம். இழந்த மெட்டை மீட்டல் அரிது.