மருந்தெதிர்ப்புக் காசநோய்: வல்லுநர் ஆலோசனை

ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் ஆகிய இரு முதன்மை மருந்துகளுக்கும் அடங்காத காசநோய், பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் எனப்படும். இதற்கான மருந்துக் கூட்டை ஒரே மருத்துவர் தனித்து முடிவு செய்யாமல், வல்லுநர் குழுவின் ஆலோசனையோடு வகுப்பதே முறை.

அந்தக் கூட்டில் சேரும் மருந்துகளின் தன்மை அப்படி. பெடாகுயிலின் இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடும். இசிஜி பார்த்துக்கொண்டேதான் கொடுக்க வேண்டும். லைன்சோலிட் கை கால்களை மரத்துப்போகச் செய்யலாம், கண் நரம்பைத் தாக்கலாம், ரத்தசோகை தரலாம். பலிக்காத பழைய கூட்டோடு புது மருந்து ஒன்றை மட்டும் சேர்ப்பது இதில் மிகப் பெரிய பிழை. கிருமி அதையும் எதிர்க்கப் பழகிவிடும்; கடைசி ஆயுதமும் வீணாகும்.

தேனி மாவட்டம் தேவாரம், போடி வட்டாரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களுக்கு வீடு தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். சிலர் மலையிலேயே தங்கிவிடுவார்கள். மாத்திரை இடையில் நின்றால் எதிர்ப்பு வளர வழி திறக்கும். நோயாளியின் விவரம் தேசிய ‘நிக்ஷய்’ பதிவில் இருப்பதால், மாநில எல்லை தாண்டியும் சிகிச்சையைத் தொடர முடியும்.

சளியை ஜீன் எக்ஸ்பர்ட் கருவியில் வைத்தால், ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இருக்கிறதா என்பது சுமார் 2 மணி நேரத்தில் தெரிந்துவிடும். பிறகு மற்ற மருந்துகளுக்கான சோதனைகள் நடக்கும். மாவட்ட மையத்தால் தீர்க்க முடியாத நோயாளியின் விவரங்கள் மேல்நிலை மையத்துக்கும், அங்கிருந்து காணொலி வழியாகத் தேசிய வல்லுநர்களுக்கும் போகும். உலக அளவில், ஐரோப்பிய சுவாசவியல் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் இத்தகைய இணைய ஆலோசனையை 2012-இல் தொடங்கின.

தமிழ்நாட்டுக்கு இதில் நெடிய அனுபவம் உண்டு. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் நோய் அதே அளவு குணமாகும் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது அந்த மையமே. பிற்காலத்தில் இந்நிறுவனம் வழிநடத்திய ‘பீட்’ ஆய்வில், கடுமையான எதிர்ப்பு கொண்ட 165 பேர் சேர்ந்தனர். மதிப்பிடப்பட்டவர்களில் 91 விழுக்காட்டினருக்கு நல்ல பலன் கிடைத்தது. பன்மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கென, பெடாகுயிலின், பிரிடோமானிட், லைன்சோலிட், மாக்சிஃபிளாக்சசின் அடங்கிய 6 மாதக் கூட்டுக்கு 2024-இல் இந்திய அரசு ஒப்புதல் அளித்தது. முன்பு இதே நோய்க்கு 18 முதல் 24 மாதம்வரை மருந்து சாப்பிட வேண்டியிருந்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். மலைக்குக் கிளம்பும் நோயாளிகள் முன்கூட்டியே சுகாதாரப் பணியாளரிடம் சொல்லி, மாத்திரையைக் கையோடு வாங்கிச் செல்ல வேண்டும்.