உருக்கும் நுணுக்குக்காட்டியும்

இரும்பினை அறிந்த மக்கள் பலர். அதனை முற்றாக உருக்கித் திரவமாக்கி ஆண்டவர் சிலரே. தூய இரும்பு 1538 பாகை செல்சியசு வெப்பநிலையிலேயே உருகும். பண்டைய கொல்லுலைகள் அவ்வெப்பத்தை எட்டுதல் அரிது. ஆயினும், காபன் சேருந்தோறும் இரும்பின் உருகுநிலை தாழும். நூலறிவின்றிக் கைப்பயிற்சி ஒன்றாலேயே இவ்வுண்மையைக் கண்டு பயன்கொண்டோருள் தென்னிந்தியக் கொல்லர் முதன்மையானவர்.

சேலம் முதலிய பகுதிகளில் தேனிரும்புத் துண்டுகளை ஆவாரங்குச்சியோடும் எருக்கிலையோடும் களிமண் மூசையில் இட்டு, வாயை மண்ணால் அடைத்து, கரியுலையில் வைத்துத் துருத்தியால் நெடுநேரம் ஊதினர். கரியாகிய தழையின் காபனை இரும்பு உட்கொண்டு உருகிற்று; பின்னர் மூசையினுள்ளேயே ஆறி இறுகிற்று. உருகு என்னும் வினையினின்று பிறந்த உருக்கு என்னும் பெயரே இச்செய்முறைக்குச் சான்றாகும். ஈழத்திலும் இத்தொழில் நிலவியதை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளிவந்த தம் சிங்களக் கலை நூலிற் பதிந்துள்ளார்.

இவ்வுருக்கிற் செய்த வாள்களின் மேனியில் நீரலை போன்ற வரிகள் தோன்றின. இவற்றின் காரணம் யாது? 1795இல் இலண்டனில் பியர்சன் இதனை ஆராய்ந்தார். கொல்லன் ஒருவனின் மைந்தராகிய மைக்கல் பரடே 1819இல் வேதிப் பகுப்பாய்வு செய்து, அலுமினாவும் சிலிக்காவுமே காரணம் எனக் கருதினார். அக்கருத்துப் பிழையாயிற்று. உருக்கில் யாது உளது என்பதை ஆராய்ந்தாரேயன்றி, அஃது எவ்வாறு அமைந்துளது என்பதைக் காணும் வழி அவர்க்கு அன்று வாய்த்திலது.

அவ்வழியைத் திறந்தவர் செபீல்ட் நகரத்து ஹென்றி கிளிப்டன் சோர்பி. கற்களை மெல்லிய தகடாகத் தேய்த்து நுணுக்குக்காட்டியால் நோக்கிப் பழகிய அவர், 1863இல் உருக்கை மெருகிட்டு, மென்மையான அமிலத்தால் அரித்து, தெறித்த ஒளியில் நோக்கினார். ஒருதன்மைத்தெனத் தோன்றிய உலோகம் பல்வகைப் பளிங்குகளின் தொகுதியெனப் புலனாயிற்று.

இவ்வழி வந்த ஆராய்ச்சியே பழைய வினாவிற்கும் விடை தந்தது. அமெரிக்கப் பேராசிரியர் வெர்ஹோவனும் கொல்லர் பெண்ட்ரேயும் பிறரும் 1998இல் வெளியிட்ட முடிபு வருமாறு: திரவம் ஆறுங்கால் முதலில் இறுகும் பளிங்குகள் மரக்கிளைபோற் படர்கின்றன. வனேடியம் போன்ற மாசுகள் எஞ்சிய திரவத்திற்குள் ஒதுக்கப்பட்டு, கிளைகளின் இடைவெளியில் இறுகுகின்றன. நூற்றுக்கு 0.01 பங்கினுங் குறைந்த அளவே இதற்குப் போதும். மீண்டும் மீண்டும் காய்ச்சி அடிக்குங்கால், அவ்விடங்களில் இரும்புக் காபைட்டுத் துணிக்கைகள் வரிசையாகத் திரள்கின்றன. அவ்வரிசைகளே அலைவரிகள்.

விடை கிடைத்தகாலைத் தொழில் மறைந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் மலிவான ஐரோப்பிய இரும்பு வந்திறங்க, மூசையுலைகள் ஒவ்வொன்றாக அவிந்தன. கொல்லனுக்குக் காரணம் தெரியாது. பரடேக்குக் கைப்பக்குவம் தெரியாது. கையும் கண்ணும் இவ்வாறு பிரிந்து நின்றமையாற் போலும் ஒரு கலை அழிந்தது. பேராசிரியரும் கொல்லரும் ஓர் உலையருகே நின்றபோதே அது மீண்டது. ஆய்வுகூடத்துட் புகும் எம் மாணவர், பட்டறையிற் கைபழகியோனையும் ஆசானாகக் கொள்ள இவ்வரலாறு கற்பிக்குமாக.