யெல்லோ ஸ்ப்ரிங்ஸ் பிள்ளைகளும் என் அம்மாவும்

அம்மா வீட்டு ட்ரங்குப் பெட்டியில், என் பிறப்புச் சான்றிதழுக்கும் காதுகுத்துப் பத்திரிகைக்கும் நடுவில், ஓர் அட்டை கிடைத்தது. 1991-ஆம் வருடத்து அட்டை. நடுவே வளைந்து மேலேறும் ஐந்தாறு கோடுகள், அவற்றின் மீது நீல மையில் என் எடைப்புள்ளிகள். முதல் மூன்று மாதம் புள்ளிகள் ஜோராக ஏறுகின்றன. நான்காம் மாதம் ஒரு தயக்கம். ஆறாம் மாதம் அடுத்த கோட்டுக்குக் கீழே இறங்கிவிடுகின்றன. ஓரத்தில் டாக்டரின் கையெழுத்து: பால் போதவில்லை, புட்டிப்பால் தொடங்கவும்.

"இதை ஏம்மா இன்னும் வச்சிருக்க?" என்றேன்.

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. என் மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "அன்னைக்கு பஸ்ல அழுதுட்டே வந்தேன்டி" என்றாள். "உங்க ஆச்சி தெருவெல்லாம் சொல்லிட்டா, இவளுக்குப் பால் பத்தலைன்னு. டப்பா வெலை வேற. உங்கப்பா ஒண்ணும் சொல்லல. ஆனா மாசக் கடைசில சிகரெட்ட விட்டாரு."

நான் மகளுக்குப் பால் கொடுத்துவிட்டு எழும்போதெல்லாம் அம்மா "பத்துச்சா?" என்று கேட்பாள். சும்மா கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன். முப்பத்து மூன்று வருடமாக அந்தக் கேள்வி அவளுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

எனக்கும் அந்த வாரம் ஒரு கேள்வி இருந்தது. மகளுக்குப் பத்து மாதம் முடிந்திருந்தது, இன்னும் தவழவில்லை. உட்கார்ந்த வாக்கில், ஒரு காலைத் துடுப்புப் போல வலித்து, பிட்டத்தாலேயே வீடு முழுக்கச் சுற்றி வருவாள். போனில் இருந்த ஆப் தினமும் சிவப்பாக ஒரு மணி அடித்தது. பக்கத்து வீட்டு அத்தை, கெட்ட எண்ணத்தில் இல்லை, "என்ன இது, சப்பாணி மாதிரி" என்று சிரித்தார். அன்றிரவு தூக்கம் வரவில்லை. என் அட்டையையும் போனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்தக் கோடுகளை யார், எந்தப் பிள்ளைகளை வைத்து வரைந்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

தேடிப் போனால் முதலில் வந்தது ஒரு பிரெஞ்சு அப்பா. பிலிபெர் கெனோ த மோன்பெயார். 1759 ஏப்ரலில் பிறந்த தன் மகனை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்தார். ஒரு வருடம் இரண்டு வருடமல்ல, பதினெட்டு வருடம். அவருடைய நண்பர் புஃபோன், தன் பிரம்மாண்டமான இயற்கை வரலாற்று நூலின் துணைத்தொகுதியில் 1777-இல் அந்த எண்களை அச்சிட்டார். ஒரே மனிதனைத் தொடர்ந்து அளந்த மிகப் பழைய வளர்ச்சிப் பதிவு என்று இன்றும் மருத்துவப் புத்தகங்களில் வருவது இதுதான். அந்தப் பையனுக்கு ஒப்பிட வேறு கோடு எதுவும் இல்லை. அவன்தான் கோடு.

அடுத்து டார்வின். மூத்த மகன் வில்லியம் 1839 டிசம்பர் 27-இல் பிறந்ததுமே ஒரு நோட்டைத் திறந்துவிட்டார். எப்போது தும்மினான், எப்போது கோபப்பட்டான், நாலரை மாதத்தில் கண்ணாடியில் தன்னையும் அப்பாவையும் பார்த்து எப்படிச் சிரித்தான் என்றெல்லாம் எழுதி வைத்தார். முப்பத்தேழு வருடம் கழித்து, இப்போலித் தேன் என்ற பிரெஞ்சு அறிஞர் தன் குழந்தையைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்த பிறகுதான் பழைய நோட்டைத் தேடி எடுத்து, 1877-இல் 'மைண்ட்' இதழில் கட்டுரையாக்கினார். அதில் எனக்குப் பிடித்த இடம், பையன் சரியாக ஒரு வயதில் தானாகவே உருவாக்கிய சொல். சாப்பாட்டுக்கு அவன் வைத்த பெயர் 'மம்'. நம்மூர் மம்மு! லண்டனில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை மம்மு கேட்டிருக்கிறது. அந்த நோட்டில் எம்மா டார்வினின் கையெழுத்திலும் குறிப்புகள் உண்டு. கட்டுரையின் மேல் இருப்பது டார்வினின் பெயர் மட்டும்.

இந்த அப்பாக்கள் செய்தது வேடிக்கை பார்ப்பது, வியப்பது. பிள்ளை பின்தங்கிவிட்டதா என்று அவர்கள் அளக்கவில்லை. அந்தக் கேள்வி இருபதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னல்ட் கெஸல் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் குழந்தைகளை விட்டு, சினிமா கேமராவால் படம் பிடித்தார். எந்த மாதம் உட்காரும், எந்த மாதம் நிற்கும் என்று அட்டவணை போட்டார். நியூ ஹேவன் ஊரின் வெள்ளைக்கார நடுத்தர வர்க்கப் பிள்ளைகள் செய்ததெல்லாம் 'குழந்தை செய்வது' ஆயிற்று. என் போனில் அடிக்கும் மணிக்குக் கொள்ளுத்தாத்தா அவர்தான்.

இனி அம்மாவின் அட்டைக்கு வருகிறேன். அடியில் பொடியெழுத்தில் என்.சி.ஹெச்.எஸ். என்று இருந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையம். அவர்கள் 1977-இல் வெளியிட்ட வளைகோடுகள் அவை. (1777, 1877, 1977. யாரும் திட்டமிட்டதில்லை, ஆனால் கவனித்தபின் மறக்க முடியவில்லை.) மறு வருடமே உலக சுகாதார நிறுவனம் அவற்றை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. அதில் கைக்குழந்தைப் பகுதி எங்கிருந்து வந்தது? ஒஹையோ மாநிலத்தில் யெல்லோ ஸ்ப்ரிங்ஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே ஃபெல்ஸ் ஆய்வு என்ற பெயரில் 1929 முதல் 1975 வரை அளந்த பிள்ளைகள். கிட்டத்தட்ட எல்லாரும் வெள்ளையர், வசதியுள்ளவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அளந்தார்கள். இதையெல்லாம் விட முக்கியமானது, அவர்களில் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்து வளர்ந்தவர்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை முதல் இரண்டு மூன்று மாதம் வேகமாக எடை போடும். அப்புறம் நிதானமாகிவிடும். புட்டிப்பால் குழந்தை அப்படி நிதானமாகாது, போட்டுக்கொண்டே போகும். ஆக, புட்டிப்பால் பிள்ளைகளின் கோட்டில் தாய்ப்பால் பிள்ளையின் புள்ளிகளை வைத்தால் என்ன ஆகும்? முதலில் ஜோராக ஏறும், நான்காம் மாதம் வாக்கில் தயங்கும், ஆறாம் மாதம் கீழே இறங்கும். என் அட்டையில் இருந்த அதே படம். நோய் இல்லை, குறை இல்லை. நான் தாய்ப்பால் பிள்ளை போல வளர்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

1990களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்களே இதை ஒப்புக்கொண்டார்கள். புதிய கோடு வேண்டும் என்று முடிவாயிற்று. 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில், பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, தெற்கு டெல்லி, ஆஸ்லோ, மஸ்கட், கலிஃபோர்னியாவின் டேவிஸ் ஆகிய இடங்களில், சுமார் 8,500 பிள்ளைகளை அளந்தார்கள். கைக்குழந்தைகளுக்கு நிபந்தனை இருந்தது: தாய்ப்பால் குடிக்க வேண்டும், அம்மா புகைபிடிக்கக் கூடாது, வளர்ச்சியைத் தடுக்கும் வறுமை வீட்டில் இருக்கக் கூடாது. ஆறு ஊர்ப் பிள்ளைகளின் உயரமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தது. டெல்லியில் எடுத்தது வசதியான வீட்டுப் பிள்ளைகளை, அதையும் சொல்லிவிட வேண்டும். நம் அங்கன்வாடிப் பிள்ளைக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குக் காரணம் ரத்தமல்ல, சோறு என்பதற்கு அதுவே சாட்சியாகவும் ஆகிறது. புதிய கோடுகள் 2006 ஏப்ரலில் வெளிவந்தன. அம்மா பஸ்ஸில் அழுது பதினைந்து வருடம் கழித்து.

அட்டையையே தூக்கியெறியலாமா என்றால், முடியாது. 1950களின் கடைசியில் மேற்கு நைஜீரியாவின் இமேசி-இலே கிராமத்தில் டேவிட் மோர்லி என்ற டாக்டர் இந்த மாதிரி அட்டையைத் தாய்மார்கள் கையிலேயே கொடுத்தார். இரண்டு கோடு, நடுவில் ஒரு பாதை. பிள்ளையின் புள்ளி எங்கே இருக்கிறது என்பதைவிட எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார் என்றார். பட்டினி கண்ணுக்குத் தெரியும் முன்பே அட்டையில் தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும் மூன்று வயது வரையான பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, தளர்ந்தவர்களுக்கு மட்டும் சத்துணவு கொடுத்தது. அப்படித் தேறியவர்கள் என் வகுப்பிலேயே இருந்திருப்பார்கள். தவறு தராசில் இல்லை. ஒஹையோவின் பழக்கத்தை உலக இயற்கை என்று அச்சடித்ததில் இருக்கிறது.

சரி, சப்பாணி. அந்தச் சொல் உள்ளே முள்ளாக இருந்தது. நமக்கு அது '16 வயதினிலே' கமல், கால் இழுத்து நடப்பவர் (அந்தப் படமும் 1977!). ஆனால் பிள்ளைத்தமிழில் சப்பாணி ஒரு பருவம். ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் தொடங்கி, காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று போகும் பத்துப் பருவங்களில் நான்காவது. இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டும்படி பிள்ளையைக் கேட்பது. பெரியாழ்வாரும் யசோதையாக நின்று கண்ணனை அதைத்தான் கேட்கிறார். இலக்கண நூல்கள் செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம் என்று கணக்கும் சொல்கின்றன, ஆகவே நம்மிடமும் அட்டவணை இருந்தது. ஆனால் பாட்டில் யாரும் பிள்ளையைப் பரிசோதிப்பதில்லை. வா என்கிறார்கள், கொட்டு என்கிறார்கள், ஒரு முத்தம் தா என்று கெஞ்சுகிறார்கள். ரொம்பவும் உருகிவிட வேண்டாம். அந்தப் பிள்ளைகள் எல்லாம் தெய்வம் அல்லது ராஜா. களத்துமேட்டில் தொட்டில் கட்டியவளின் பிள்ளைக்கு யாரும் பத்துப் பருவம் பாடியதில்லை.

என் மகளுக்குக் கை கொட்டத் தெரியும். பிட்டத்தால் நகர்ந்து வந்து, நிறுத்தி, கொட்டுவாள். அதே உலக சுகாதார நிறுவனம் 816 பிள்ளைகளிடம் நடை பழகுவதையும் பார்த்தது. தனியாக நடப்பதற்கு அவர்கள் குறித்தது ஒரு நாளையல்ல, 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீளும் ஒரு ஜன்னலை. நூற்றுக்கு நான்கு பேர் முட்டி போட்டுத் தவழவே இல்லை, நேராக அடுத்ததற்குப் போய்விட்டார்கள். 2022-இல் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமும் தன் பட்டியலிலிருந்து தவழ்தலை எடுத்துவிட்டது. டாக்டரிடம் காட்டினேன். கால் பலத்தைப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஆப்பை அழித்தேன்.

மறுநாள் காலை அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். புட்டிப்பால் பிள்ளைகளின் கோடு, நம் புள்ளிகள், 2006. புதிய வளைகோட்டைப் போனில் எடுத்து என் பழைய எடைகளை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினேன். கோட்டை ஒட்டியே போயின. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்ப பத்திருக்கு."

"பத்திருக்கும்மா."

"உங்க ஆச்சி இல்லையே இப்ப" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஊரு பேரு என்ன சொன்ன?"

"யெல்லோ ஸ்ப்ரிங்ஸ்."

"அந்தப் புள்ளைங்களுக்கு இப்ப என்ன வயசிருக்கும்?"

"மூத்தவங்க இருந்தா தொண்ணூறு தாண்டியிருக்கும்."

"பாவம், அதுங்களுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு, அட்டையை மடிக்காமல் காதுகுத்துப் பத்திரிகைக்கு மேலே வைத்துப் பெட்டியை மூடினாள். மகள் கதவோரத்திலிருந்து நகர்ந்து வந்து பெட்டி மூடியில் இரண்டு கையாலும் தட்டினாள்.